நவராத்திரிக்கு வரும் நாத்தனாரும் மூன்று பிள்ளைகளும்

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் அரசலாற்றங்கரை ஊர் ஒன்றில் வசிக்கும் சகோதரி ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. பெங்களூரில் இருக்கும் அவருடைய நாத்தனார், கணவரோடும் எட்டு, ஆறு, மூன்று வயதுப் பிள்ளைகளோடும் தசரா விடுமுறையில் பத்து நாள் தங்க வருகிறார். மூத்த இருவரும் பையன்கள், சின்னவள் பெண். சென்ற முறை வந்தபோது ஊஞ்சல் பலகை சின்னவளின் நெற்றியில் அடித்தது. தலைமுறையாக வைத்திருந்த கொலு பொம்மை ஒன்று உடைந்தது. எண்பது வயதைக் கடந்த மாமியார் மீது ஓடிவந்த பையன் மோதி, அவர் ரேழியில் விழப் பார்த்தார். வீடு பழைய ஓட்டு வீடு. நடுவில் முற்றம், கொல்லையில் கிணறு, அதற்கப்பால் வாய்க்கால். பிள்ளைகளைக் கண்டித்தால் நாத்தனாரின் முகம் வாடுகிறது, கண்டிக்காமல் இருந்தால் தன் உடம்பு தாங்கவில்லை, என்ன செய்வது என்பது அவருடைய கேள்வி.

தொடக்கப்பள்ளியில் சின்ன வகுப்புகளோடு பணிக்காலத்தைக் கழித்தவள் என்ற முறையிலும், இதே போன்ற வீட்டில் உறவினரை ஏற்றுப் பழகியவள் என்ற முறையிலும் என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விருந்துக்கு வரும் பிள்ளைகளின் சேட்டையில் பெரும்பகுதி வளர்ப்பின் குறை அன்று. தூக்கம் கெட்டதாலும், பசி நேரம் தவறியதாலும், புது வீட்டில் தனக்கென்று செய்ய எந்த வேலையும் இல்லாததாலும் வருவது அது. ஆகவே கண்டிப்பதா, வேண்டாமா என்ற கேள்வி கடைசியில் வர வேண்டியது. அதற்கு முன்பு, முதியவர்களுக்காக அமைந்திருக்கும் வீட்டைப் பிள்ளைகளுக்கு ஏற்றபடி மாற்றிவைக்க வேண்டும். நாளுக்கு ஓர் ஒழுங்கு வேண்டும். பிள்ளைகளுக்கு அந்த வீட்டில் ஒரு பொறுப்பு வேண்டும். இவை நடந்துவிட்டால் கண்டிக்க வேண்டியது கொஞ்சமே மிஞ்சும். அதை யார் சொல்வது என்பதற்கும் நம் வழக்கத்திலேயே விடை இருக்கிறது.

ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் தண்ணீர். கிணற்றையும் வாய்க்காலையும் வீட்டு வர்ணனையின் ஒரு பகுதியாகச் சொல்லிவிட்டு ஊஞ்சலுக்கும் பொம்மைக்கும் போய்விட்டீர்கள். நானோ உங்கள் கேள்வியைப் படித்ததும் அங்கேயேதான் நின்றேன். கோடை விடுமுறையில் வரும் பிள்ளைகளுக்கும் தசராவுக்கு வரும் பிள்ளைகளுக்கும் நம் பகுதியில் பெரிய வேறுபாடு உண்டு. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12ஆம் தேதி திறக்கப்பட்டு ஜனவரி 28ஆம் தேதி மூடப்படுவது. அதனால் ஏப்ரல், மே மாதங்களில் ஆறு மணலாகக் கிடக்கும். வாய்க்காலுக்குள் பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள். புரட்டாசியில் அப்படி இல்லை. சம்பாவுக்காக ஆறும் வாய்க்காலும் ஓடிக்கொண்டிருக்கும் காலம் அது. முறை வைத்துத் தண்ணீர் விடும்போது, நேற்று முழங்கால் அளவு ஓடிய வாய்க்கால் இன்று எட்டு வயதுப் பையனின் மார்புக்கு வந்துவிடும். அந்தப் பையன் முன்பு ஒரு கோடையில் வந்து, காய்ந்த வாய்க்காலில் இறங்கி விளையாடியிருந்தால் ஆபத்து இன்னும் கூடுதல். அவன் மனத்தில் அது தண்ணீர் ஓடும் இடமாக அல்ல, விளையாடும் இடமாகத்தான் பதிந்திருக்கும்.

நீரில் மூழ்கி இறக்கும் விகிதம் ஒன்று முதல் நான்கு வயதுவரையுள்ள குழந்தைகளிடத்திலேயே மிக அதிகம் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. உங்கள் வீட்டுக்கு வரும் சின்னவளுக்கு மூன்று வயது. அந்த வயதுக் குழந்தைக்கு ஆறு, கிணறு எல்லாம் வேண்டியதில்லை; குளியலறையில் பாதி நிரம்பிய அண்டாவோ, துணி ஊறவைத்த பெரிய வாளியோ போதும். அந்த வயதில் உடம்போடு ஒப்பிடத் தலை கனமானது. வாளிக்குள் குப்புறக் கவிழ்ந்தால் தானாக எழுந்து வருவது கடினம். மேலும், நாம் நினைப்பது போலக் கையைக் காலை அடித்துக் கூச்சலிட்டு யாரும் மூழ்குவதில்லை. சத்தமே இல்லாமல், அடுத்த அறையில் இருப்பவருக்கும் தெரியாமல் அது நடந்து முடியும்.

ஆகவே அவர்கள் வருவதற்கு ஒரு வாரம் முன்பே பட்டறைக்காரரை அழைத்துக் கிணற்றின் வாய்க்கு அளவெடுத்து, கம்பி வலை மூடி ஒன்று செய்து பூட்டிவிடுங்கள். மழைக்காலத்தில் நம் பக்கத்துக் கிணறுகளில் நீர்மட்டம் கைக்கெட்டும் உயரத்துக்கு வந்துவிடுவதால், கைப்பிடிச் சுவர் இருக்கிறதே என்று இருந்துவிட முடியாது; சுவர் ஓரத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு ஏறுவது ஆறு வயதுப் பிள்ளைக்கு நொடி வேலை. கொல்லைக் கதவுக்கு மேல்தாழ்ப்பாள் இல்லையென்றால் ஒன்று அடியுங்கள். தரைக்கடித் தொட்டியின் மூடி, கழிவுநீர்த் தொட்டியின் மூடி இரண்டும் அசைகின்றனவா என்று காலால் மிதித்துப் பாருங்கள். இரவு படுக்கும் முன்பு வாளிகளைக் கவிழ்த்துவைப்பதை அந்தப் பத்து நாளுக்கு வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

இதோடு இரண்டு ஏற்பாடுகள். வந்த அன்று மாலையே மூன்று பிள்ளைகளையும் கையைப் பிடித்து வாய்க்கால் படித்துறைக்கு அழைத்துப் போய், ஒரு வாழைச்சருகைப் போட்டு, அது எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்று காட்டுங்கள். பெரியவர் கையைப் பிடித்துக்கொண்டுதான் இங்கே வரலாம் என்பதை அங்கே நின்றே சொல்லுங்கள். கிணற்றில் பூச்சாண்டி இருக்கிறான், வாய்க்காலில் முனி இருக்கிறது என்று பயமுறுத்துவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. மூன்று வயது அழும், எட்டு வயது எட்டிப் பார்க்கப் போகும். இரண்டாவது, எந்த நேரத்திலும் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவர் இன்னார் என்று ஒருவர் பெயர் இருக்க வேண்டும். வீடு நிறையப் பெரியவர்கள் இருக்கும் நாள்தான் ஆபத்தான நாள்; ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்றிருப்பார். "நான் குளிக்கப் போகிறேன், இனி நீங்கள் பாருங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லி ஒப்படைக்கும் பழக்கத்தை நாத்தனாரோடும் மாப்பிள்ளையோடும் முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளையைக் காணவில்லை என்றால் மாடி, மச்சு, பக்கத்து வீடு என்று தேடாமல் முதலில் தண்ணீர் இருக்கும் இடத்துக்கு ஓட வேண்டும். அப்படி ஒரு குழந்தையைத் தண்ணீரிலிருந்து எடுக்க நேர்ந்துவிட்டால், நம் ஊர்களில் செய்வது போலத் தலைக்கு மேல் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்குவதும் கூடாது. மூச்சில்லையென்றால் உடனே வாயோடு வாய் வைத்து ஊதி, மார்பை அழுத்தி, 108ஐ அழைக்க வேண்டும்.

இனி வீட்டுக்குள். ஊஞ்சலைப் பற்றி இரண்டு கருத்து இருக்க முடியாது: தேக்குப் பலகை தன் கனத்திலேயே ஆடும்போது அதன் விளிம்பு சரியாக மூன்று வயதுக் குழந்தையின் நெற்றி உயரத்தில் வருகிறது. முழுவதும் கழற்றிப் பரணில் போட்டுவிடலாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பெங்களூர் அடுக்குமாடியிலிருந்து வரும் பிள்ளைக்குத் தாத்தா வீடு என்றாலே ஊஞ்சல்தான். கல்யாணம் கார்த்திகை என்றால் கூடத்தில் இடம் வேண்டிச் சங்கிலியை மேலே தூக்கிக் கட்டுவோமே, அப்படியே கட்டிவையுங்கள். மாலையில் அரை மணி நேரம் மாமா இறக்கிவிட்டு, தாமும் நடுவில் உட்கார்ந்து ஆட்டிவிடட்டும். நேரம் குறித்துக் கிடைக்கும் ஊஞ்சலுக்குச் சண்டையும் குறைவு.

நாச்சியார்கோயில் குத்துவிளக்கு கூடத்தில் இருந்தால் அதைப் பூஜை அறைக்குள் சுவரோரம் ஒதுக்குங்கள். அடி, தண்டு, அகல், பிரபை என்று தனித்தனியாகத் திருகிப் பூட்டப்படும் விளக்கு அது. திருகு தளர்ந்திருந்தால் பிடித்து இழுக்கும் குழந்தையின் தலையில் மேல்பாகம் கழன்று விழும். முற்றத்தின் விளிம்பில் மழை பெய்த பிறகு பாசி வழுக்கும். பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துவிட்டால் பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, உங்கள் மாமியாருக்கும் நல்லது.

இவற்றைவிடக் கண்ணில் படாத ஆபத்து மருந்துகள். முதியவர்கள் மட்டும் வாழும் வீட்டில் மாத்திரை டப்பா சாப்பாட்டு மேசையிலோ ஜன்னல் மாடத்திலோ இருக்கும். அது அவர்களுக்கு வசதி. ஆனால் சர்க்கரை நோய்க்குத் தரும் சில மாத்திரைகளில் ஒன்றே ஒன்றை விழுங்கினாலும் சிறு குழந்தையின் ரத்தச் சர்க்கரை உயிருக்கே ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். பூஜைக் கற்பூரமும் அப்படித்தான். கற்கண்டு என்று நினைத்துச் சிறு துண்டை வாயில் போட்டுக்கொள்ளும் குழந்தைக்கு வலிப்பு வரக்கூடும். நவராத்திரி நாளில் கற்கண்டுக் கிண்ணமும் கற்பூர டப்பாவும் ஒரே தட்டில் இருப்பதை எத்தனையோ வீடுகளில் பார்க்கிறோம். பீரோவில் போடும் அந்துருண்டை, கொசு மருந்துத் திரவம், எலி மருந்து, வயலுக்கு வாங்கிய பூச்சிமருந்தின் மிச்சம் ஆகிய எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போட்டுப் பூட்டி, மச்சில் ஏற்றிவிடுங்கள். குளிர்பான பாட்டிலில் மருந்தையோ மண்ணெண்ணெயையோ ஊற்றிவைக்கும் வழக்கம் இருந்தால் அந்த பாட்டிலையே இன்று தூக்கி எறியுங்கள். இப்படி எதையாவது குழந்தை விழுங்கிவிட்டது என்று சந்தேகம் வந்தால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்காமல், அந்த டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கொலுவுக்கு வருகிறேன். கொலு உடைவது பெரும்பாலும் பொம்மையைத் தொடுவதால் அன்று. படியின் மேல் விரித்த வேட்டி தரைவரை தொங்குவதால். தவழ்ந்து பழகிய குழந்தை அதைப் பிடித்துக்கொண்டு எழுந்திருக்கும், ஓடுகிற பையனின் கால் அதில் மாட்டும், மேல்படியிலிருந்து எல்லாம் சரியும். துணியைக் கடைசிப் படியின் அடியில் மடித்துக் கிளிப் போட்டு இறுக்குங்கள். பெட்டிகளை அடுக்கிப் பலகை போட்ட படி என்றால் கயிற்றால் கட்டுங்கள். அலங்கார விளக்குகளின் வயரைச் சுவரோடு ஒட்டுங்கள். மண் பொம்மைகளும் காகிதக்கூழ் பொம்மைகளும் மேல்படிகளுக்குப் போகட்டும். கீழ்ப்படியில் மரப்பாச்சியும் மரச் சாமான்களும் மட்டும் இருக்கட்டும். செட்டியார் கடையைக்கூட இந்த ஒரு வருடம் ஒரு படி மேலே ஏற்றிவைத்தால் செட்டியார் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அதன் பிறகு பிள்ளைகளைக் கொலுவிலிருந்து விலக்காதீர்கள், அதற்குள் சேர்த்துக்கொள்ளுங்கள். படிகளுக்கு முன்னால் தரையில் அமைக்கும் பூங்கா முழுக்க அவர்களுடையது என்று சொல்லிவிடுங்கள். ஆற்று மணல், முன்கூட்டியே ஊறப்போட்டு முளைவிடச் செய்த கேழ்வரகு, குளத்துக்குப் பதிலாக ஒரு பழைய கண்ணாடி, தென்னை ஓலையில் செய்த வேலி, அவர்கள் கொண்டுவரும் கார் பொம்மைகள் என்று அது எப்படியும் போகட்டும். ரயில் தண்டவாளம் கோயில் கோபுரத்துக்குள் நுழைந்தாலும் திருத்தாதீர்கள். கையில் வைத்து விளையாட ஒரு தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை வாங்கிக் கொடுங்கள். அடிப்பாகம் கனமாக இருப்பதால் எவ்வளவு தள்ளினாலும் நிமிர்ந்துவிடும் வகையை வாங்க வேண்டும்; தலையும் உடலும் தனித்தனியாக ஆடும் நடன பொம்மை இந்த வயதுக்கு ஆகாது. சென்ற முறை உடைந்த பொம்மையைப் பற்றி ஒரு வார்த்தையும் பேச வேண்டாம். அதற்குப் பதிலாக, வருகிறபோது பிள்ளைகளே தேர்ந்தெடுத்து, கர்நாடகத்துச் சென்னபட்டணம் ஊரில் செய்யும் மர பொம்மை ஒன்று வாங்கி வரட்டும் என்று இப்போதே தொலைபேசியில் சொல்லுங்கள். ஆண்டுதோறும் கொலுவுக்குப் புது பொம்மை சேர்ப்பது வழக்கம்தானே. தான் வாங்கி வந்த பொம்மை உட்கார்ந்திருக்கும் கொலுவைப் பிள்ளை தானே காவல் காக்கும்.

அடுத்தது நாளின் ஒழுங்கு. பெங்களூரிலிருந்து இரவு வண்டியில் வருகிறவர்கள் அரைத் தூக்கத்தோடுதான் வந்து இறங்குவார்கள். முதல் நாளில் யாரையும் பார்க்கப் போவதோ, யாரையும் வரச்சொல்வதோ வேண்டாம். மூன்று முதல் ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்குப் பத்து முதல் பதின்மூன்று மணி நேரமும், பள்ளி வயதுப் பிள்ளைக்கு ஒன்பது முதல் பன்னிரண்டு மணி நேரமும் தூக்கம் வேண்டும். விருந்து வீட்டில் பதினொரு மணிவரை பேசிக்கொண்டிருந்துவிட்டு, மறுநாள் காலையில் ஏன் இப்படி அழிச்சாட்டியம் செய்கின்றன என்று கேட்பதில் நியாயமில்லை. இரவு எட்டரைக்கு உள்ளறையில் பாய் விரித்து, கொசுவலை கட்டி, விளக்கை அணைத்துவிடுங்கள். பெரியவர்கள் பேச்சைத் திண்ணைக்கு மாற்றிக்கொள்ளட்டும்.

சாப்பாடும் அப்படியே. பூஜை முடிந்து, நைவேத்தியம் ஆகி, ஒன்றரை மணிக்கு இலை போடும் வீட்டில், பன்னிரண்டு மணிக்கே பிள்ளைகளுக்குப் பருப்பு சாதமும் தயிர் சாதமும் தனியாகக் கொடுத்துவிட வேண்டும். சாமிக்கு முன்னால் எப்படி என்று உங்கள் மாமியார் தயங்கினால், சாதத்தில் ஒரு பிடியை முதலில் எடுத்துவைத்துவிட்டுக் கொடுங்கள். இதெல்லாம் நம் வீடுகளில் எப்போதும் வழி கண்டுபிடிக்கப்பட்ட சங்கடங்கள்தான். சுண்டலில் மட்டும் கவனம் வேண்டும். முழுக் கொண்டைக்கடலை, வேர்க்கடலை, சீடை போன்றவை நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தையின் மூச்சுக்குழாயில் அடைத்துக்கொள்ளக்கூடியவை. அதிலும் ஓடிக்கொண்டே தின்றால் சொல்லவே வேண்டாம். சின்னவளுக்கு மசித்துக் கொடுங்கள், உட்காரவைத்துக் கொடுங்கள். நவராத்திரியில் அக்கம்பக்கத்து வீடுகளிலும் ஆளுக்கொரு கை சுண்டல் கொடுப்பார்கள் என்பதால் இதை அவள் அண்ணன்களிடமும் சொல்லிவையுங்கள்.

ஓட்டத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒன்று முதல் நான்கு வயதுவரையுள்ள குழந்தை ஒரு நாளில் மொத்தம் மூன்று மணி நேரமாவது உடலசைந்து விளையாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல். மூத்தவர்களுக்கு அவ்வளவு வேண்டாம் என்று எந்தத் தாயும் சொல்லமாட்டார். அந்த மூன்று மணி நேரம் வெளியே செலவாகவில்லை என்றால் உங்கள் கூடத்தில் செலவாகும். காலை பத்து மணிக்கு முன்பும் மாலை நான்கு மணிக்குப் பிறகும் அவர்களை வெளியே கொண்டுபோய்விட வேண்டும். இதற்கு நம் ஊர்களில் இருக்கும் வசதி வேறெங்கும் இல்லை என்றே நினைக்கிறேன்: முந்நூறு வீடு உள்ள ஊரிலும் மதில் சூழ்ந்த, வண்டி வராத, காலையில் ஆளரவமற்ற பெரிய பிராகாரத்தோடு ஒரு சிவன் கோயில் இருக்கிறது. நெருஞ்சி முள்ளையும் குளத்துப் பக்கக் கதவையும் பார்த்துக்கொண்டால் போதும். குருக்களும் பிள்ளைகள் ஓடுவதற்கு முகம் சுளிப்பதில்லை, சந்நிதியில் கத்தாமல் இருந்தால் சரி.

ஒரு நாள் தாராசுரத்துக்கு அழைத்துப் போகலாம். புல்வெளி இருக்கிறது, உங்களுக்குப் பக்கம். காளையும் யானையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொள்ளும் சிற்பம் ஒன்று அங்கே உண்டு. ஒரு பக்கத்து உடலைக் கையால் மறைத்தால் காளை, மறுபக்கத்தை மறைத்தால் யானை. எட்டு வயதுப் பையனை அந்த ஒரு சிற்பத்தைத் தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லிவிட்டால் மற்ற பெரியவர்கள் நிம்மதியாகக் கோயிலைப் பார்த்துவிடலாம். தஞ்சைப் பெரிய கோயிலுக்கு மாலையில் போங்கள். நண்பகலில் அந்தக் கல்தளம் வெறுங்காலைச் சுட்டுவிடும். சுவாமிமலையில் காவிரி வண்டல் மண்ணைப் பூசி மெழுகு வார்ப்புச் செய்வதைப் பார்ப்பது மூத்தவனுக்குப் பிடிக்கலாம், ஆனால் உருக்கிய உலோகம் இருக்கும் இடத்துக்குச் சின்னவர்கள் இருவரையும் கூட்டிப் போக வேண்டாம். கல்லணைக்கு இந்தப் பருவத்தில் மூன்று பிள்ளைகளோடு போவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

மாலை ஐந்தரைக்கு மேல், வெற்றிலை பாக்கு வாங்கிக்கொள்ள ஊர்ப் பெண்கள் வரத் தொடங்கும் நேரம்தான் உங்களுக்குச் சோதனையான நேரம். பிள்ளைகளுக்குக் களைப்பு, பெரியவர்களுக்கு வேலை, வீட்டில் கூட்டம். இந்த நேரத்தில் பிள்ளைகளை ஓரமாக உட்காரச் சொன்னால் உட்காரவே மாட்டார்கள். மூத்தவன் வாசலில் நின்று வருகிறவர்களை உள்ளே அழைக்கட்டும். நடுவில் உள்ளவன் சுண்டல் பொட்டலம் கொடுக்கட்டும். சின்னவள் குங்குமச் சிமிழை நீட்டட்டும். பத்துப் பொட்டலத்தில் ஒன்று கீழே விழத்தான் செய்யும். அந்த ஒன்றுக்காகப் பொறுப்பைத் திருப்பி வாங்கிக்கொள்ளாதீர்கள். பகலில் சாப்பாடு முடிந்ததும் இரண்டு மணி நேரம் வீடே படுக்கும் நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அது அவர்களுக்காக மட்டும் அல்ல, உங்கள் இடுப்புக்காகவும். பாத்திரம் துலக்க அந்தப் பத்து நாளுக்கு ஓர் அம்மாளைக் கூலிக்கு வைத்துக்கொள்வதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. கைபேசியைப் பற்றிப் பெற்றோரிடம் விவாதிக்க வேண்டாம். இலைக்கு முன்னால் மட்டும் யார் கையிலும் இருக்கக் கூடாது என்று வீட்டுக்குப் பொதுவாக வைத்து, மாமாவும் தம் கைபேசியை எடுத்துவைத்துவிட்டால் போதும்.

இனிக் கண்டிப்பு. இங்கேதான் உங்கள் கேள்வியின் உண்மையான முடிச்சு இருக்கிறது. உங்கள் நாத்தனார் விருந்தாளியாக வருவதில்லை; பிறந்த வீட்டுக்கு வருகிறார். ஆண்டு முழுவதும் மூன்று பிள்ளைகளோடு தனியாக மல்லுக்கட்டிவிட்டு, தன் தாய் இருக்கும் வீட்டில் பத்து நாள் காலை நீட்டி உட்காரலாம் என்று வருகிறார். அவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளாமல் இருப்பதாக உங்களுக்குத் தோன்றுவது இதனால்தான். அந்த வீட்டில் நீங்கள் எத்தனை ஆண்டு உழைத்திருந்தாலும், பிள்ளையைப் பற்றி நீங்கள் சொல்லும் ஒரு சொல், 'அண்ணி குறை சொல்கிறார்' என்றுதான் அவர் காதில் விழும். அதே சொல்லை உங்கள் கணவர் சொன்னால் அது தாய்மாமன் சொல்லாகிவிடும். காது குத்துவதற்கு மடியில் உட்காரவைத்துக்கொள்ளும் உரிமை உள்ளவருக்கு அதட்டும் உரிமையும் உண்டு என்பதை நம் பக்கத்தில் எந்த மாப்பிள்ளையும் மறுப்பதில்லை. ஆகவே வீட்டு விதிகளைச் சொல்ல வேண்டியவர் அவர்தான். அவர் திண்ணையில் செய்தித்தாளோடு ஒதுங்கிக்கொண்டு, எல்லாவற்றையும் உங்கள் தலையில் விட்டிருப்பார் என்பது என் ஊகம். அப்படியென்றால் முதலில் பேச வேண்டியது நாத்தனாரிடம் அன்று, அவரிடம்.

அவர் தங்கையிடம் முன்கூட்டியே தொலைபேசியில் பேசட்டும். "அம்மாவுக்கு இப்போது நடை தடுமாறுகிறது, வாய்க்காலில் தண்ணீர் போகிறது, அதனால் இரண்டு மூன்று விஷயத்தில் நான் பிள்ளைகளிடம் கொஞ்சம் கண்டிப்பாக இருப்பேன், நீ எதுவும் நினைத்துக்கொள்ளாதே" என்ற அளவில் போதும். வந்த பிறகு பிள்ளைகளிடம் அவர் சொல்லும் விதிகள் மூன்றைத் தாண்டக் கூடாது: தண்ணீர்ப் பக்கம் தனியாகப் போகக் கூடாது; ரேழியிலும் கூடத்திலும் ஓடக் கூடாது, ஓட்டமெல்லாம் வெளியே; பாட்டி அறைக்குள் கேட்டுவிட்டு நுழைய வேண்டும். இந்த மூன்றையும் மீறினால் பேச்சில்லாமல் அந்த இடத்திலிருந்து தூக்கிக்கொண்டு போய்விட வேண்டும். மற்றவற்றை, சுவரில் கிறுக்குவது, மெத்தையில் குதிப்பது, ஒருவரையொருவர் கிள்ளுவது போன்றவற்றை, பெற்றோர் பார்த்துக்கொள்ளட்டும். பார்க்காவிட்டால் சுவருக்கு வெள்ளையடித்துக்கொள்ளலாம். கை நீட்டுவது மட்டும் எக்காரணம் கொண்டும் வேண்டாம். பிறர் பிள்ளை மேல் விழுந்த அடி பத்து வருடத்துக்குப் பிறகும் ஏதாவது ஒரு கல்யாண வீட்டில் பேசப்படும். மாப்பிள்ளை முன்னிலையில் நாத்தனாரிடம் பிள்ளைகளைப் பற்றி எந்தக் குறையும் பேச வேண்டாம். அவர்களுக்குள் அது வேறு வழக்காக மாறும். மாறாக, ஒரு நாளாவது அவரைக் காலையில் எழுப்பாமல் தூங்க விட்டு, பிள்ளைகளுக்கு நீங்களே இட்லி கொடுத்துவிடுங்கள். அன்று மாலையே அவர் தானாக எழுந்து பிள்ளைகளை அழைத்துக்கொண்டு கோயிலுக்குப் போவார் என்றே நினைக்கிறேன்.

மாமியாரைப் பற்றி. இந்த வயதில் ஒரு விழுதல் இடுப்பெலும்பு முறிவில் முடியலாம் என்பதால் அவருடைய நடைபாதையில் எந்தச் சமரசமும் இல்லை. கூடத்திலிருந்து கழிவறைவரை அவர் நடக்கும் வழியில் பொம்மையும் செருப்பும் கிடக்கக் கூடாது. பிள்ளைகள் இருக்கும் நேரத்தில் யாராவது ஒருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும். அதற்காக அவரை அறைக்குள் பூட்டி வைத்தது போலவும் ஆகிவிடக் கூடாது. பேரப்பிள்ளைகளுக்காகத்தான் அவரும் காத்திருக்கிறார். மழை பிடித்துக்கொள்ளும் பிற்பகல்களில் அவர் கட்டிலில் உட்கார்ந்துகொள்ள, பிள்ளைகள் கீழே உட்கார்ந்து பல்லாங்குழி ஆடலாம். பதினான்கு குழியும் புளியங்கொட்டையும் ஆறு வயதுப் பையனுக்கு எண்ணிக்கையைப் பள்ளிக்கூடத்தைவிட நன்றாகவே கற்றுக்கொடுக்கும். சின்னவள் கொட்டையை வாயில் போட்டுக்கொள்வாள் என்பதால் அவள் தூங்கும் நேரமாகப் பார்த்து எடுங்கள். பாட்டிக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை மோதிய பையனுக்கே இருக்கட்டும். தம்ளரைத் தளும்பாமல் எடுத்துக்கொண்டு நடக்கும் பிள்ளை ஓட முடியாது.

கடைசியாக, பத்து நாள் வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். மாமியாரின் உடல்நிலை உண்மையிலேயே மோசம் என்றாலோ, உங்களால் முடியாது என்று உங்களுக்கே தெரிந்தாலோ, பத்து நாளுக்கு ஒப்புக்கொண்டு எட்டாம் நாள் முகத்தைக் காட்டுவதைவிட ஐந்து நாளுக்கு அழைப்பது நல்லது. மாப்பிள்ளை வீட்டார் பக்கத்து ஊர்களில் இருந்தால் முதல் பாதி அங்கேயும் இரண்டாம் பாதி உங்களிடமும் என்று பிரித்துக்கொள்ளச் சொல்லலாம். அப்படிப் பிரிப்பதென்றால் சரஸ்வதி பூஜையும் விஜயதசமியும் உங்கள் பக்கம் வரும்படி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சின்னவளுக்கு எழுத்து தொடங்கும் வயது இது. விஜயதசமியன்று பூந்தோட்டத்துக்குப் பக்கத்தில் கூத்தனூர் சரஸ்வதி கோயிலில் நெல்லில் எழுதவைத்துக் கூட்டி வரலாம். அன்று அங்கே கூட்டம் நெரியும் என்பதால் விடியற்காலையிலேயே போய்விட வேண்டும். மூன்று பிள்ளைகளின் சட்டைப் பையிலும் அப்பாவின் கைபேசி எண்ணை எழுதி வைக்க வேண்டும். திரும்பி வந்து சாப்பிட்டுத் தூங்கி எழுந்தால் இரவு வண்டிக்கு நேரம் சரியாக இருக்கும். பயணச்சீட்டை மட்டும் இப்போதே எடுத்துவிடச் சொல்லுங்கள். விஜயதசமி இரவுக்குக் கடைசி நேரத்தில் கிடைக்காது.